ரூபின்ஸ்டைன் ஆட்டத்தின் முதல் 14 நகர்வுகளை எப்படிப் படிப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: “மகன் தரம் 9 படிக்கிறான், செஸ்ஸில் நல்ல ஆர்வம். 1907இல் லோட்ஸ் நகரில் ரொட்லெவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். ராணியைப் பலி கொடுக்கும் இடத்துக்கு நேரே ஓடிவிடுகிறான். தொடக்கம் சப்பென்று இருக்கிறதாம். அதில் படிக்க ஏதும் உண்டா?”

உண்டு ஐயா. என் கணக்கில் அந்த ஆட்டம் வெல்லப்பட்டதே அங்கேதான்.

போனில் வேண்டாம், பலகையில் காய் வைத்துப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளென்றால் விறாந்தையை விட்டு உள்ளே மேசைக்குப் போங்கள். ரூபின்ஸ்டைன் கறுப்பு, ரொட்லெவி வெள்ளை. கறுப்பின் 14ஆம் நகர்வு முடிந்ததும் நிறுத்தி, நான்காம், ஐந்தாம் வரிசைகளுக்கு நடுவே ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். பிஷப்புகள், குதிரைகள், ராணிகள், சிப்பாய்கள் எல்லாம் எதிரெதிரே அதே இடத்தில். இப்போது மகனிடம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) முடித்துவிட்டது, ஒரு கோட்டை டி8இல் நிற்கிறது (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை ராஜா இன்னும் ஈ1இல். ஆளுக்கு 14 நகர்வுதானே ஆடினார்கள், கறுப்புக்கு அந்த இரண்டு நகர்வு எங்கிருந்து கூடுதலாக வந்தது?

இதை அவனே கொப்பியில் எழுதி எண்ண வேண்டும். ஒவ்வொரு காயும் இப்போது நிற்கிற இடத்துக்கு வர எத்தனை நகர்வு எடுத்தது என்று. வெள்ளை ராணி முதலில் டி2, அப்புறம் ஈ2, இரண்டு. கறுப்பு ராணி ஒரே நகர்வில் ஈ7. வெள்ளையின் பிஷப் டி3, சி4, மறுபடி டி3, மூன்று. எதிரே டி6இல் நிற்கிற கறுப்பு பிஷப்புக்கு இரண்டே போதுமாக இருந்தது. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

பிஷப் விஷயத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அது. வெள்ளை அவசரப்பட்டு 6ஆம் நகர்விலேயே சி5 சிப்பாயை வெட்டியது. அதுவரை அசையாமல் இருந்த கறுப்பு பிஷப் நேரே வந்து திரும்ப வெட்டியது. அதேபோல சி4 சிப்பாயை வெட்டும் வாய்ப்பு ரூபின்ஸ்டைனுக்கும் இருந்தது. அவர் தொடவில்லை. காஸ்லிங் செய்தார், ராணியை ஈ7க்குக் கொண்டுவந்தார். 11ஆம் நகர்வில் வெள்ளை பிஷப் டி3க்கு வந்ததும் உடனே வெட்டினார். இப்போது அந்த பிஷப் சி4இல் வெட்டவும் வேண்டும், பி5க்கு வரும் சிப்பாயைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டும். இந்த வெட்டினால் டி நெடுக்கு வரிசையும் திறந்தது. கோட்டை டி8க்கு வர, எதிரே டி2இல் இருந்த ராணி விலக வேண்டியதாயிற்று.

மகன் விரும்பும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பின்தங்கி நிற்கிற வெள்ளை எஃப், ஈ சிப்பாய்களைத் தள்ளித் தன் ராஜாவுக்கு எதிரான கோடுகளைத் தானே திறந்துவிடுகிறது. இரண்டு கறுப்பு பிஷப்புகளும் பி6, பி7இலிருந்து ராஜாவின் பக்கம் பார்க்கின்றன. 22ஆம் நகர்வில், ராணி எச்4இல் வெட்டுக்கு நிற்கும்போதே கோட்டை சி3 குதிரையை வெட்டுகிறது. அடுத்து மற்றக் கோட்டை டி2. 25ஆம் நகர்வில் கோட்டை எச்3க்கு வர, ஜி2இல் பிஷப்பால் கட்டுண்ட (விலகினால் ராஜா தாக்குப்படும்) ராணியால் எச்2இல் விழும் மேட்டை, அதாவது ராஜா தப்ப வழியில்லாத முடிவை, தடுக்க முடியாது. ரொட்லெவி தோல்வியை ஒப்புக்கொண்டார். இதை அவன் பலமுறை பார்த்திருப்பான், நான் நீட்டவில்லை.

தொடர்ந்து பழக ஒரு வழி. கறுப்பின் நகர்வுகளை ஒரு தாளால் மூடி, ஒவ்வொன்றையும் அவன் ஊகித்து, ஏன் என்று ஒரு வரியில் எழுதட்டும். 10ஆம், 11ஆம் நகர்வுகளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், மற்றவை வேகமாகப் போகலாம். ஊகம் தப்பினால் பரவாயில்லை, எழுதிய காரணத்தை மட்டும் கேளுங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் காணும். எஞ்சினை (நகர்வுகளை அலசும் கணினி நிரல்) இரண்டு நாள் கழித்துத் திறக்கலாம். முதலே திறந்தால் எண்ணுகிற பழக்கம் வராது.

அப்புறம் பென்சிலை எடுத்துவிட்டு அந்த இடத்திலிருந்தே இருவரும் ஆடிப் பாருங்கள். முதலில் அவனுக்கு வெள்ளையைக் கொடுங்கள்.