பாடசாலை அதிபர்களின் இக்கட்டான கேள்விகளுக்கு, திருகோணமலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (மூதூர்): ஐயா, ஆசிரியர் ஒருவர் தரம் 8 மாணவனைப் பிரம்பால் அடித்ததில் கை வீங்கியிருக்கிறது. தந்தை நாளைக் காலை உறவினர்களுடன் வரப்போகிறார். ஆசிரியர் நல்லவர். நான் என்ன செய்வது?

பதில்: நாளைவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே பிரதி அதிபரையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்று, முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா என்று கேட்ட பின்னரே ஆசிரியரைப் பற்றிப் பேசுங்கள். உடற்தண்டனை கூடாதென கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும், பின்னர் வந்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் தெளிவாகக் கூறியிருக்க, நல்லவர் என்பதற்காக மூடிமறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதுங்கள்: எத்தனையாம் பாடவேளை, எந்த வகுப்பறை, கண்டவர்கள் யார், பிள்ளை தன் வாயால் சொன்னது என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். ‘சிறு பிரச்சினை, தீர்க்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி விசாரணையில் எவருக்கும் உதவாது. ஆசிரியரிடம் எழுத்துமூல விளக்கம் பெற்று வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவியுங்கள். பெற்றோர் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழைக்க விரும்பினால், சமாதானம் பேசி அதைத் தடுக்காதீர்கள்.

கேள்வி (குச்சவெளி): தரம் 10 மாணவர் சிலர் கரைவலை இழுக்கப் போய், வாரக்கணக்கில் வருவதில்லை. இடாப்பிலிருந்து பெயரை நீக்கலாமா?

பதில்: நீக்காதீர்கள். கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16 வரை உயர்ந்துள்ளது. அதைவிட, பெயர் வெட்டப்பட்ட பிள்ளை திரும்பி வருவது மிக அரிது என்பதே என் கவலை. மீனவர் தங்கும் வாடிக்கே சென்று, வலையின் உரிமையாளரான சம்மாட்டியிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். வருமானமின்மைதான் காரணமென்றால், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கிராம உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த முதல் நாளில், காலைக் கூட்டத்தில் நிறுத்தி எவரும் ஏச அனுமதிக்காதீர்கள்.

கேள்வி (கிண்ணியா): தரம் 11இன் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுவிட்டார், பதிலாள் இல்லை. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது.

பதில்: வலயத்துக்கு எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியைக் கோவையில் வையுங்கள். அதுவரை கீழ் வகுப்புகளின் நேரசூசியை மாற்றியமைத்து, அங்கு கற்பிக்கும் கணித ஆசிரியரைத் தரம் 11க்குக் கொடுங்கள்.

கேள்வி (நகரம்): பழைய மாணவர்கள் நுழைவாயில் வளைவு கட்டித்தர விரும்புகிறார்கள். எமக்குத் தேவை மாணவிகளுக்கான மலசலகூடம்.

பதில்: இடைவேளை நேரத்தில் அவர்களை அழைத்து, மாணவிகள் எவ்வளவு நேரம் வரிசையில் காத்து நிற்கிறார்கள் என்பதைக் காட்டிவிட்டு, மலசலகூடத்துக்கான மதிப்பீட்டைக் கையில் கொடுங்கள். பணம் எதுவானாலும் பற்றுச்சீட்டுடன் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கிலேயே சேர வேண்டும்.