தலைமடையில் தங்கம், கடைமடையில் மண்

கேள்வி: பேரனின் பாடப் புத்தகத்தில் கலிபோர்னியா தங்க வேட்டை பற்றி இரண்டு வரி இருக்கிறது. மண்ணைத் தட்டில் அலசியே தங்கம் எடுத்தார்களாமே, எப்படி சார்?
– வாசகி, பாபநாசம்

பதில்: உங்கள் கைக்குப் பழகிய வேலைதான் அம்மா. அரிசி அரிக்கிறீர்களே, அதேதான். பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டினால் அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நிற்கும். அங்கே மணல் போய்விடும், கல் நிற்கிற இடத்தில் தங்கப்பொடி நிற்கும். என்ன, மலையிலிருந்து வரும் பனித்தண்ணீரில் நாள் முழுக்கக் குந்திக்கொண்டு செய்ய வேண்டும். முதலில் கண்ணில் பட்டது 1848 ஜனவரி 24-ல், கொலோமா என்ற இடத்தில். மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் பார்த்தார். அவர் 1885-ல் ஏழையாகத்தான் செத்தார்.

கேள்வி: அப்படியானால் சம்பாதித்தது யார்?
– வாசகர், திருவாரூர்

பதில்: கடை போட்டவர்கள். சாம் பிரானன் என்று ஒரு வியாபாரி. ஊரில் கிடைத்த மண்வெட்டி, தட்டு எல்லாவற்றையும் முதலில் வாங்கி அடுக்கிக்கொண்டார். அப்புறம் ஒரு குப்பியில் தங்கப்பொடியை எடுத்துக்கொண்டு, "தங்கம், தங்கம்" என்று சான் பிரான்சிஸ்கோ தெருவில் கத்திக்கொண்டே போனார். 20 சென்ட் தட்டு 15 டாலருக்குப் போனது. ஒரு முட்டை ஒரு டாலர். வந்த கப்பல்களின் மாலுமிகளும் மலைக்கு ஓடிவிட, துறைமுகத்தில் அநாதையாக நின்ற கப்பல்களைக் கிடங்காகவும் விடுதியாகவும் ஆக்கினார்கள். துணி துவைக்க ஆளில்லாமல் அழுக்கு மூட்டையைக் கப்பலேற்றி ஹவாய்க்கு அனுப்பியவர்களும் உண்டு. (நம் ஊர் வண்ணான்துறையில் சொன்னால் நம்புவார்களா?) வெளிநாட்டுக்காரர்கள் மீது 1850-ல் மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பழங்குடிகளைப் பல இடங்களில் வேட்டையாடியே தீர்த்தார்கள். அந்தப் பக்கத்தை உங்கள் பேரன்களின் புத்தகம் எழுதாது.

கேள்வி: மேலே ஆற்றை இப்படிக் குடைந்தால் கீழே விவசாயி கதி என்ன? ஒருவரும் கேட்கவில்லையா?
– விவசாயி, வேதாரண்யம்

பதில்: கடைமடைக்காரர் கேட்கிற கேள்வி! நானும் திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான். தூர் வாராத ஒரு வருஷம், வாய்க்காலில் தண்ணீர் கண்ணெதிரே ஓடியும் எங்கள் வயலுக்கு ஏறவில்லை. மண் திட்டு மறித்துவிட்டது. சம்பா நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போனது.

அங்கே நடந்தது அதைவிட நூறு மடங்கு. தட்டில் அலசி எடுக்கிற தங்கம் சீக்கிரமே தீர்ந்தது. 1853 முதல் பெரிய குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவையே கரைத்தார்கள். கரைந்த மண்ணும் கூழாங்கல்லும் யூபா ஆற்றில் இறங்கின. நமக்கு ஆடிப் புதுவெள்ளம் வண்டல் கொண்டுவந்தால் சந்தோஷம். அது வண்டல் இல்லை, வெறும் சரளை. வயல்களும் பழத்தோட்டங்களும் அதனடியில் புதைந்தன. மேரிஸ்வில் ஊரில் ஆற்றுப்படுகை தெருவைவிட உயர்ந்துவிட்டது. கரையை உயர்த்த உயர்த்தப் படுகையும் உயர்ந்தது. 1875-ல் வெள்ளம் ஊருக்குள்ளேயே புகுந்தது.

கேட்டார்கள் ஐயா. மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த உட்ரஃப் என்பவர் சுரங்கக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1884 ஜனவரியில் நீதிபதி லோரன்சோ சாயர், கழிவை ஆற்றில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். தலைமடையில் அவ்வளவு பணம் இருந்தும் கடைமடை ஜெயித்த வழக்கு. ஆனால் வந்த மண் வந்ததுதான், அதை யார் அள்ளுவது?

கேள்வி: நம் காவிரிக்கும் தங்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?
– மாணவி, கும்பகோணம்

பதில்: உண்டு. சிவசமுத்திரம் அருவியில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, 1902-ல் கம்பி இழுத்து அனுப்பியது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூருக்கு அந்த மின்விளக்கு 1905-ல்தான் வந்தது.