வாசகர் கேள்வி: எழுதச் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாகச் செய்யலாமா?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். கதை எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் சிலரும், தன்வரலாறு எழுத முனைந்திருக்கும் விசைத்தறிப் பட்டறைக்காரர் ஒருவரும் தங்கள் பிரதிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எழுத்துப் பயிற்றுநராக இதை முறைப்படி செய்ய விரும்புகிறேன். சான்றிதழ் வேண்டுமா? கட்டணம் எப்படி வாங்குவது? யாரிடமிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நம் நாட்டில் இத்தொழிலுக்குச் சான்றிதழோ உரிமமோ தேவையில்லை, அதனாலேயே எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதை நீங்களே வரையறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துப்பிழை களைவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. பிரதியைச் சீர்செய்து அச்சுக்கு ஏற்றதாக்குவது செம்மையாக்குநரின் வேலை. பயிற்றுநரோ பிரதியில் கை வைக்காமல், எழுதியவரே அதைத் திரும்ப எழுதும்படி செய்ய வேண்டியவர். நெடுங்காலம் சிவப்பு மை பிடித்த கைக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும்.

இளைஞர் ஒருவரின் கதையில் பேத்தி, "அப்புச்சி, பொழுதோட வந்துருங்க" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதைத் "தாத்தா, மாலையில் வந்துவிடுங்கள்" என்று திருத்தினால் வாக்கியம் தேர்ச்சி பெற்றுவிடும். பேத்தி கொங்கு நாட்டை விட்டே போய்விடுவாள். 1942-இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலிலேயே நம் பேச்சு அச்சேறிவிட்டபடியால், வட்டார வழக்குக்கு இனி யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீங்கள் அந்த இளைஞரிடம் கேட்க வேண்டியது வேறு: பேத்தி இப்படிப் பேசும் கதையைச் சொல்பவர் மட்டும் ஏன் செய்தித்தாள் தமிழில் சொல்கிறார், அது தெரிந்தே செய்ததா?

பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவருடைய நன்னூல் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களைப் பிரதி படிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கச்சிதமான பட்டியலை நான் பார்த்ததில்லை. பட்டறைக்காரரின் தன்வரலாற்றில் முதல் தறி வாங்கிய நாளுக்குப் பத்துப் பக்கமும், அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளுக்கு ஒரே பக்கமும் இருந்தால் அது சென்று தேய்ந்து இறுதல். நடுவில் நூல் விலையேற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரையே நுழைந்திருந்தால் மற்றொன்று விரித்தல். ஆனால் குற்றத்தின் பெயரைச் சொல்லி மனிதரை மிரட்டாமல், "தறிக்குப் பணம் எங்கே புரட்டினீர்கள்? அந்தக் கடன் எப்போது அடைந்தது?" என்று கேளுங்கள், தேய்ந்துபோன இடத்திலிருந்து அவரே எழுதத் தொடங்குவார். ஓர் அமர்வில் இரண்டு குறைகளுக்கு மேல் சொல்ல வேண்டாம். நன்றாக வந்த இடத்தை, அது ஏன் நன்றாக வந்தது என்ற காரணத்தோடு முதலில் சொல்லிவிடுங்கள். வெறும் "நல்லா இருக்கு" யாருக்கும் உதவாது.

இலவசமாகத் தொடங்காதீர்கள். பணம் என்றதும் "இருக்கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இழுப்பது நம் பக்கத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பழக்கம். அப்படி இழுபட்ட பிரதியை எழுதியவர் மறுபடி எடுப்பதே அரிது. பக்கக் கணக்கைவிட அமர்வுக் கணக்கு நல்லது. வீட்டில் இருமுறை படித்துக் குறிப்பெடுக்கும் நேரத்தையும் அதில் சேர்த்து, நான்கு அமர்வுகள் என்று முன்பே பேசிப் பாதித் தொகையை முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பிரதியை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்பதையும், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருக்கே என்பதையும், பதிப்பாளர் கிடைப்பார் என்று உறுதி தரவில்லை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், புத்தகம் வந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் பலர் வருவார்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வருமான வரிக் கணக்கில் மட்டும் ஓய்வூதியத்தோடு இதையும் காட்டிவிடுங்கள்.

பட்டறைக்காரரிடமிருந்தே தொடங்குங்கள். அவரிடம் சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது, வரிசைதான் இல்லை. வரிசைப்படுத்திக் கொடுப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. இளைஞர்கள் பெரும்பாலும் தீர்ப்புக் கேட்டு வருகிறார்கள். ஒருவர் கதையை மற்றவர் படித்துக் கேள்வி கேட்கும்படி நாலைந்து பேரைச் சேர்த்து உட்காரவைக்கும் பக்குவம், ஒரு பிரதியை முழுதாக முடித்துக் கொடுத்த பிறகு உங்களுக்கு வரும். அதுவரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லலாம்.