மார்பைத் திறந்தபின் ஏறும் எண்: மருந்தைக் குறை சொல்லாதீர்கள்

எலிக்கு அதே டோஸ் மெத்தாகோலின்தான் (மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கும் மருந்து), ஆனால் மார்பைத் திறந்தபின் மூச்சுக்குழாய்த் தடை தாறுமாறாக ஏறுகிறது, மருந்து கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டிருந்தால் விளைவு குறையத்தானே வேண்டும்? வென்டிலேட்டரில் பீப் (PEEP, மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) எவ்வளவு வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

மார்புச்சுவர் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிப்பதால்தான் மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் காற்று மிஞ்சுகிறது. திறந்ததும் அந்தப் பிடி போய்விடும், பீப் பூஜ்யமாக இருந்தால் நுரையீரல் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கும், மூச்சுக்குழாயைச் சுற்றிலும் இழுத்து விரித்து வைத்திருந்த திசுவும் தளர்ந்துவிடும், அப்புறம் தசை சுருங்குவதற்குத் தடுப்பே இல்லை. மனிதர்களிடமே, மார்பைத் திறக்காமல் நுரையீரல் கொள்ளளவை மட்டும் அரை லிட்டர் குறைத்தபோது மெத்தாகோலின் சுருக்கம் கூடியதை 1987இல் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய மார்பில் மார்புச்சுவரின் தடையும் மருந்துக்கு முந்தைய அடிப்படை எண்ணில் சேர்ந்திருக்கும், அதனால் சதவீதமாகக் கணக்கிட்டால் ஏற்றம் சின்னதாகத் தெரியும் (இதில் நானும் ஏமாந்திருக்கிறேன்). சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி வித்தியாசத்தைப் போடுங்கள்.

திறந்த மார்புக்கு 3 செ.மீ. நீரழுத்தம் அளவுக்கு பீப் வைத்து, ஒவ்வொரு டோஸுக்கு முன்னாலும் நுரையீரலை ஒருமுறை நன்றாக விரித்துவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.