எதிரியும் (குற்றஞ்சாட்டப்பட்டவரும்) சிறுவர், பாதிக்கப்பட்டவரும் சிறுவர்: மேன்முறையீட்டில் சான்றுகள் எப்படி எடைபோடப்படுகின்றன?

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (சாவகச்சேரி, ஆசிரியை): பாலியல் குற்ற வழக்கொன்றில், ஒரு பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே நம்பி, வயதில் சற்று மூத்த சிறுவன் ஒருவன் குற்றவாளியாகக் காணப்பட்டால், அத்தீர்ப்பு மேன்முறையீட்டில் நிலைக்குமா? பிள்ளை மறுபடியும் சாட்சி சொல்ல வேண்டுமா?

பதில்: மேன்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து மீண்டும் விசாரிப்பதன்று. விசாரணையில் எழுதப்பட்ட வழக்கேட்டையும் தீர்ப்பையும் முன்வைத்தே சட்டத்தரணிகள் வாதாடுவர். ஆகவே பிள்ளை மீண்டும் கூண்டில் ஏற நேருவது மிக அரிது. ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு கூறுகிறது. 118 ஆம் பிரிவின்படி, கேட்பதை விளங்கிக்கொண்டு பொருத்தமாக மறுமொழி சொல்லக்கூடிய எந்த வயதுப் பிள்ளையும் சாட்சியாகலாம். பாலியல் குற்றங்களில் முறைப்பாட்டாளரின் சொல்லை மட்டும் கொண்டு குற்றத்தீர்ப்பளிப்பது ஆபத்தானது என்ற எச்சரிக்கையை மனத்தில் இருத்தியபடியே, அச்சொல் நம்பத்தக்கதாயின் ஒத்துறுதிச் சான்று (அச்சொல்லை உறுதிப்படுத்தும் வேறு சான்று) இன்றியும் அதன்படி செயற்படலாம் என்பது 1986 இல் அறிக்கையிடப்பட்ட சுனில் எதிர் சட்டமா அதிபர் வழக்கின் நிலைப்பாடு.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையின் முகத்தையும் தயக்கத்தையும் நேரில் கண்டவர் விசாரணை நீதிபதி மட்டுமே. அந்த அனுகூலத்தை மேல்நிலை நீதிமன்றம் மதிக்கும். ஆயினும் எதனால் நம்பினார் என்பதற்கான காரணங்கள் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாட்சியை நம்புவதாக ஒரே வரியில் முடித்துவிடும் தீர்ப்பு, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் எதிரியாக நிற்கும் பிள்ளைக்கும் ஒருசேர அநீதி இழைக்கிறது. மேன்முறையீட்டில் முதலில் ஆட்டங்காண்பதும் அத்தகைய தீர்ப்பே.

கேள்வி (மானிப்பாய், தாய்): ஐயா, என் மகள் நடந்ததைப் பல மாதங்கள் கழித்தே சொன்னாள். பொலிசில் கூறிய நேரமும் நீதிமன்றத்தில் கூறிய நேரமும் ஒத்துவரவில்லை. வழக்குத் தோற்றுவிடுமா?

பதில்: அம்மா, இவ்விரண்டில் எதுவும் தனியே ஒரு வழக்கைத் தோற்கடிப்பதில்லை. தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இருப்பின், பிந்திக் கூறியதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ளிவிடலாகாது எனச் சுமணசேன எதிர் சட்டமா அதிபர் வழக்கில் கூறப்பட்டது. மிரட்டல், வெட்கம், செய்தவன் சொந்தக்காரப் பையனாக இருத்தல், ஊர் என்ன கதைக்குமோ என்ற பயம் ஆகியவை நம்மிடையே எவருக்கும் விளங்காத காரணங்கள் அல்ல. அவற்றை மகளே தன் சாட்சியத்தில் சொல்லியிருப்பது முக்கியம். நேரம் போன்ற சிறு விபரங்களில் நினைவு பிசகுவது இயல்பு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1983 இல் போகின்பாய் வழக்கில் விளக்கியது. எமது நீதிமன்றங்களும் அதனை அடிக்கடி எடுத்தாள்கின்றன. ஆனால் யார், என்ன செய்தார் என்ற அடிப்படையிலேயே முரண்பாடு விழுந்தால் நிலைமை வேறு. குறுக்கு விசாரணையில் குறிக்கப்பட்ட முரண்பாடுகளையும் விடுபாடுகளையும் (முன்பு சொல்லாமல் விட்டவற்றையும்) நீதிபதிகள் ஒவ்வொன்றாகப் பார்ப்பர்.

கேள்வி (ஊர்காவற்றுறை, சிறுவனின் பெரியப்பா): பொலிசார் கேட்டபோது பெடியன் ஒப்புக்கொண்டுவிட்டான். அப்போது அவனுக்கு 13 வயது இருக்கும். பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லை.

பதில்: பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. அது வழக்கேட்டில் புகுந்திருந்தால், அதனை நீக்கிய பின் எஞ்சும் சான்று போதுமா என்றே பார்க்கப்படும். வயது இதைவிடப் பாரதூரமான விடயம். தண்டனைச் சட்டக்கோவைக்கான 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்னர், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளை தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி அடையாதிருந்தால் அதுவும் குற்றமாகாது. எனவே சம்பவ நாளின் வயதை நிறுவுங்கள். பிறப்புப் பதிவின் பிரதியையும் பாடசாலை அனுமதிப் பதிவேட்டையும் உடனே தேடுங்கள். வைத்தியரின் வயது மதிப்பீடு திட்டமான ஓர் எண்ணாக அமைவதில்லை. இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்றே அமையும். அது சட்டம் வகுத்த எல்லையைத் தொடுமாயின், சந்தேகத்தின் பயன் சிறுவனுக்கே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (திருநெல்வேலி, சட்ட மாணவர்): வைத்திய அறிக்கையில் காயம் எதுவும் இல்லையெனில்?

பதில்: பிந்திய பரிசோதனையில் காயம் ஆறியிருக்கலாம், சில செயல்கள் காயம் விடுவதே இல்லை. சட்ட வைத்திய அதிகாரியிடம் பிள்ளை கூறிய வரலாறு அதன் சாட்சியத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள், தம்பி. இறுதி அளவுகோல் இதுதான்: தீர்ப்பு நியாயமற்றதாகவோ சான்றினால் தாங்கப்படாததாகவோ இருந்தால் மேன்முறையீடு அனுமதிக்கப்படும். உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத வழுவுக்காகத் தீர்ப்பு மாற்றப்படலாகாது என அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை கூறுகிறது.

கேள்வி (நல்லூர்): எங்கே, எப்போது தாக்கல் செய்வது?

பதில்: நீதவான் நீதிமன்றத் தீர்ப்பாயின் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றத் தீர்ப்பாயின் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்ல வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள், தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே மனு சேர வேண்டும். வழக்கேட்டின் பிரதி கைக்கு வரட்டும் என்று காத்திருந்து அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.