ஏற்காட்டுக்கு மடக்கு சைக்கிள்: 16 அங்குலமா, 20 அங்குலமா?

நண்பரே, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் ரயில்வே ஜங்ஷன், ஞாயிறானால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஏற்காட்டிலிருந்து இறங்குவது என்றால் 20 அங்குலச் சக்கரமே வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் 406 என்று (டயர் உட்காரும் வளையத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) இருக்கிறதா பாருங்கள். 451-ஐயும் 20 அங்குலம் என்றுதான் விற்பார்கள், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பி.எம்.எக்ஸ் எனும் சாகச சைக்கிளின் அளவு என்பதால் 406 சுலபமாகக் கிடைக்கும்.

எனக்குக் கவலை இறக்கம்தான். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சக்கர வளையத்தை அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சின்ன வளையம் சீக்கிரம் கொதித்து, டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விடுங்கள். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் தெரியாமல் இருக்கட்டும்! கிளம்புமுன் நடு மடிப்பின் தாழ்ப்பாளை அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அன்று மலைக்கு வேண்டாம்.