ஆறு வாரம் தங்கிய விடுதிக்கு ஓராண்டுக் கட்டணமா?

கேள்வி (2021): என் மகன் சென்னைக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு போகிறான். கலந்தாய்வில் கிடைத்த இடம். கடந்த கல்வியாண்டில் விடுதிக்கு 85,000 ரூபாய் கட்டினோம்: அறைக்கு 40,000, மெஸ்ஸுக்கு 45,000. கல்விக் கடனிலிருந்து வங்கியே கல்லூரிக்கு நேரடியாக அனுப்பியது. கொரோனாவால் கல்லூரி மூடிக் கிடந்ததால், அவன் அங்கே இருந்தது பிப்ரவரி, மார்ச்சில் ஆறு வாரம்தான். செப்டம்பர் 1-இல் கல்லூரி திறக்கிறது. இந்த ஆண்டுக்கு 90,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினால்தான் அறை என்கிறார்கள். நண்பர்கள் நால்வராக வீடு எடுத்துக்கொள்கிறோம் என்கிறான் மகன். கணவருக்கு நூற்பாலையில் வேலை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், அதுவும் ஊரடங்குக்குப் பிறகு ஒழுங்காக வருவதில்லை. அஞ்சலகத்தில் 1,20,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. அதை எடுத்துக் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: அஞ்சலகப் பணத்தைத் தொடாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2020 மார்ச்சில் மூடிய தமிழகக் கல்லூரிகள், இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பரிலும் மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-ஆம் தேதியும் திறந்தன. மார்ச் கடைசியில் மறுபடி மூடப்பட்டன. சென்னை ஐஐடியில் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்து வளாகமே முடங்கியது. அதற்கு முன், 2020 ஜூனில், அண்ணா பல்கலைக்கழக விடுதியைக் கொரோனா மையத்துக்காக மாநகராட்சி கேட்டபோது, மாணவர்களின் பெட்டியும் புத்தகமும் அறைகளுக்குள் பூட்டிக் கிடந்தன. இப்படிப்பட்ட காலத்தில் தங்குமிடத்தை ஓராண்டுக்கு மொத்தமாக விலைக்கு வாங்கக் கூடாது. மாதக் கணக்கில், முடியாவிட்டால் செமஸ்டர் கணக்கில் வாங்க வேண்டும். மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது.

முதலில் பழைய கணக்கைத் தீர்ப்போம். அறைக் கட்டணத்துக்காக நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். கட்டடம் பூட்டிக் கிடந்தாலும் காவலாளிக்குச் சம்பளம், கட்டடக் கடனுக்கு வட்டி என்று நிர்வாகம் சொல்லும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. மெஸ் கட்டணம் அப்படியல்ல. சமைக்காத சோற்றுக்கு அரிசி வாங்கியிருக்க மாட்டார்கள். நம் அரசுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’ பழக்கத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மாதச் செலவை மாணவர்கள் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, அவரவர் நாளுக்கு ஏற்ப பில் போடுவார்கள். உங்கள் மகனுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து மாதத்துக்கு 45,000 என்றால் மாதம் 4,500. ஒன்றரை மாதத்துக்கு 6,750. மீதி 38,250 ரூபாய் கல்லூரியின் கையில் இருக்கிறது. அது கடன் பணம் என்பதால், பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,825 ரூபாய் வட்டியும் அதன் மேல் ஏறுகிறது.

இந்தத் தொகையை இந்த ஆண்டு மெஸ் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும்படி முதல்வருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் எழுத்தில் கேளுங்கள். ரொக்கமாகத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் இழுத்தடிப்பார்கள். கழித்துக்கொள்ளச் சொன்னால் இசைவது அவர்களுக்கும் எளிது. இதே நிலையில் உள்ள பெற்றோர் பத்துப் பேராவது ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் 2021 மே 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்காகக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. அது பள்ளிகளுக்கான தீர்ப்பு; உங்கள் கல்லூரியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிடலாம், நியாயம் ஒன்றுதானே. பல்கலைக்கழக மானியக் குழு 2021 அக்டோபர் 31 வரை முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது இந்த ஆண்டு சேர்ந்துவிட்டு இடத்தை ரத்து செய்பவர்களுக்கானது. உங்களுக்குப் பொருந்தாது.

இனி மகன் சொல்லும் வீடு. பத்தாயிரம் வாடகையை நால்வர் பிரித்தால் தலைக்கு 2,500, சாப்பாட்டுக்கு நான்காயிரம் என்று அவன் கணக்குச் சொல்லியிருப்பான். விடுதிக்கு மாதம் ஒன்பதாயிரம் ஆகிறதே என்று உங்களுக்கும் ஆசை வந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் அட்வான்ஸ் இல்லை, கட்டில் இல்லை, கேஸ் இணைப்பு இல்லை. முக்கியமாக, கல்லூரி மூடினாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை போட்ட உத்தரவு, மாணவர்களைக் காலி செய்யும்படி கட்டாயப்படுத்தினால் நடவடிக்கை என்றது. ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றதோ தொழிலாளர்களிடம் மட்டும். எத்தனையோ மாணவர்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு பூட்டிய வீட்டுக்கு வாடகை கட்டினார்கள். நால்வரில் ஒருவன் நடுவில் விலகினால் அவன் பங்கும் மற்ற மூவர் தலையில்தான். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத அறிவிப்பில் காலி செய்யலாம்’ என்ற வரியும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கல்லூரியிடம் ஒரு செமஸ்டருக்கு மட்டும் கட்டுகிறேன் என்று கேட்பேன். ஒத்துக்கொண்டால் விடுதியே நல்லது. தொற்று வந்தால் கவனிக்க அங்கே ஆள் இருக்கும். மறுத்தால், மாதக் கட்டணத்தில் சாப்பாட்டோடு தங்கவைக்கும் பேயிங் கெஸ்ட் இடம் ஒன்றில் இரண்டு மூன்று மாதம் இருக்கட்டும். தீபாவளிக்குப் பிறகு நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம். வெளியே தங்கினால் கடன் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வெளியில் தங்கும் மாணவருக்கும் நியாயமான தங்குமிட, உணவுச் செலவு உண்டு. மேலாளரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் இல்லை என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

டெபாசிட்டை ஏன் தொடக் கூடாது என்கிறேன்? வெறும் கணக்குப்படி பார்த்தால், 2021-இல் அஞ்சலகத்தில் ஐந்தரை சதவீதம் வாங்கிக்கொண்டு வங்கிக்கு அதைவிட அதிக வட்டி கட்டுவது முட்டாள்தனம்தான். ஆனால் உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குக் கீழே இருக்கிறது. தொழிற்கல்விக்கான மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும், 7.5 லட்சம் வரையிலான (2021 நிலவரம்) கடனுக்கு வட்டியை அரசே ஏற்கிறது. கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ அங்கீகாரத் தரச்சான்று இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்திருக்கிறீர்களா? அதைக் கொடுக்காமலே விட்டு, மானியம் வரவில்லை என்று படிப்பு முடிந்தபின் வருந்துகிற குடும்பங்கள் நிறைய. மானியம் கிடைத்தால் இந்தக் கடனுக்கு இப்போது உங்களுக்கு வட்டிச் செலவே இல்லை. அப்படியிருக்க, ஆலைச் சம்பளம் எந்த மாதம் நிற்கும் என்று தெரியாத வீட்டில் கையிருப்பைக் கரைப்பானேன்? ஒருவேளை மகனுக்கே தொற்று வந்தால் ராஜபாளையத்திலிருந்து யாராவது ஓடிப்போக வேண்டியிருக்கும். அதற்குக் கல்விக் கடன் உதவாது, அந்த 1,20,000 உதவும்.

ஆக, இந்த வாரம் இரண்டு வேலை: கல்லூரிக்குக் கடிதம், வங்கியில் வருமானச் சான்றிதழ். கல்லூரியின் பதில் வரும்வரை புதிய விடுதிக் கட்டணத்தை விடுவிக்க வேண்டாம் என்று வங்கியிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்விக் கட்டணம் வேறு, அது உரிய தேதியில் போகட்டும்.